பாதிக் கிராப்பு

எலியேசருக்கு எதையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் முடிவு செய்ய வராது. கத்தரிக்காய் வாங்கப் போனால் வெள்ளையா, வரியா என்று விரல் மடக்கி எண்ணி முடிப்பதற்குள் சந்தை கலைந்துவிடும். வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்து, வாங்காமல் விட்டதும் ஒருவகையில் நல்லதுதான் என்று அதற்கும் இரண்டு காரணம் சொல்வான். இராஜபாளையத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். அப்பா காலமாகிவிட்டார், தாயார் ஏசம்மாளும் அவனும்தான் வீட்டில். இப்படிப்பட்டவனுடைய கல்யாணம் போயும் போயும் அவன் தலைமயிரில் வந்து தொங்கியது.

பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். வேதமாணிக்கம் உபதேசியாரின் மகள் தங்கபாய். அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்றும் வைத்தாயிற்று. வைகாசியில் ஒருநாள் உபதேசியார் இராஜபாளையத்துக்கு வந்து, மோரைக் குடித்துவிட்டு, துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொன்னா மனசுல வைக்கக் கூடாது. கோட்டுக்கு மேல குடுமி உக்காந்திருக்கதைப் பார்த்தா எம் மகளுக்குச் சிரிப்பு வருதாம். கோயில்ல உடன்படிக்கை சொல்லும்போது சிரிச்சிட்டா யாரு பொறுப்புன்னு கேக்கா. கிராப்பு வச்சா சம்மதமாம். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கிடச் சொல்லுங்கங்கா."

"வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா," என்றாள் ஏசம்மாள்.

"எம் மக வெளையாட்டுக்குச் சொன்னாலும் அதுலயேதான் நிப்பா," என்றார் உபதேசியார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எலியேசருக்குத் தெரியவில்லை.

அவன் அவளை ஒரே ஒருமுறை, ஸ்தோத்திரப் பண்டிகையில் பார்த்திருந்தான். பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எத்தனையோ நாள் அவன் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான். அது தன் குடுமிக்கு வந்த சிரிப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. வலித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று ஒரு பக்கத்துக்கும் தோன்றவில்லை.

கிராப்பு வைப்பதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் எல்லாம் இருளப்பசாமிக்கு.

இருளப்பசாமி அந்த வீட்டுக் குடிமகன். அந்த நாளில் நாவிதரை யாரும் தேடிப் பிடிப்பதில்லை, வீட்டோடு வருவார். எலியேசரின் அப்பாவுக்கு இருளப்பசாமியின் அப்பா சவரம் செய்தார். எலியேசர் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தது இருளப்பசாமியின் அம்மா. கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சவரம் அவர்கள் உரிமை. ஒருவருடைய குடித்தலையில் இன்னொருவர் கை வைக்கமாட்டார். பெண்டாட்டியைக்கூடத் தள்ளி வைத்தவர்கள் ஊரில் உண்டு. குடிமகனைத் தள்ளி வைத்தவர் கிடையாது.

சனிக்கிழமை காலையில் இருளப்பசாமி வந்து, முகத்தில் தண்ணீர் தடவி, கத்தியை உள்ளங்கையில் தீட்டும்போது எலியேசர் மெல்லத் தொடங்கினான்.

"இருளப்பசாமி, இந்தக் கிராப்புன்னு சொல்லுதாவளே..."

"ஏமி வாத்தியாரய்யா!" இருளப்பசாமி தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டுக்கும் போகிறவர், அந்த 'ஏமி' அங்கே ஒட்டிக்கொண்டது. "ஆட்டுக்குத்தான் கத்திரிப்பாவ. மனுசனுக்குச் செரைப்பாவ."

"காலம் மாறுதுல்லா?"

"மாறட்டும். எங் கத்தி மாறாது. ஆடு மேஞ்ச வரப்பாட்டம் ஒரு தலையை விட்டுட்டுப் போனேன்னா, பொறவு எவன் எனக்குத் தலையை நீட்டுவான்?"

"இல்லை, வேற ஆளு யாராச்சும்..."

கத்தி அவன் தொண்டைக்குழிக்கு நேரே நின்றது.

"என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லலை," என்றான் எலியேசர், உதட்டை அசைக்காமல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் நைனா முகமது என்று ஒருவர் கொழும்பிலிருந்து திரும்பி வந்து, நாற்காலியும் கண்ணாடியும் போட்டுக் கிராப்பு வெட்டுகிறார் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எலியேசர் விரல் மடக்கினான். நைனா முகமது முஸ்லிம். இருளப்பசாமியின் ஆட்களுக்குள் உள்ள கட்டுப்பாடு அவரைக் கட்டாது. அது வேறு ஊர். தலைப்பாகை கட்டிக்கொண்டால் கொஞ்ச நாள் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் மூன்று விரல். அந்தப் பக்கம் ஒரே விரல்: இருளப்பசாமிக்கு என்றைக்காவது தெரிந்தே தீரும். அந்த ஒரு விரல் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக இருந்தது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அந்த விரலையே பார்த்துக்கொண்டு வண்டிப்பேட்டையில் நின்றான். "ஏறுதியளா, இல்லியா?" என்று வண்டிக்காரன் அதட்டினான். ஏறிவிட்டான். ஏறினான் என்பதைவிட, இறங்கவில்லை என்பது சரி.

மடவார் வளாகத்துச் சிவன் கோயில் கோபுரம் தாண்டி, கடைத்தெருவில் எண்ணெய்க் கடைக்குப் பக்கத்தில் அந்தக் கடை இருந்தது. பிரம்பு பின்னிய நாற்காலி. எதிரே ரசம் போன ஓரத்தோடு ஒரு நிலைக்கண்ணாடி. பலகையில் சின்னதும் பெரியதுமாகக் கத்தரிக்கோல்கள். முடி வெட்டும் மிஷினை மட்டும் கைப்பிள்ளையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருந்தார் நைனா முகமது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் தலைமயிர் நெற்றிக்கு மேலே கோடு கிழித்தாற்போலப் பிரிந்திருந்தது. எலியேசர் அந்தக் கோட்டையே பார்த்தான்.

"உக்காருங்க. தலைப்பாகையை எடுங்க. அடடா, முன்மண்டையை மழிக்காம முழு முடியா வச்சிருக்கிய! கிராப்புக்குன்னே வளத்த முடில்லா இது! கொழும்புல இந்த முடியைப் பார்த்தா வெள்ளைக்காரன் எந்திரிச்சு வந்து கையைக் குலுக்குவான்." துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார். "தொடங்குமுன்ன ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் குடிமகன் உண்டா?"

"ஏன் கேக்கிய?"

"நான் கடை போட்ட அன்னைக்கு இந்தச் சுத்துவட்டாரத்து நாவிதரெல்லாம் கூடிட்டாவ. கச்சேரி குமாஸ்தா, போலீஸ்காரர், ஊர் விட்டு ஊர் வந்து குடியிருக்கிறவர், இவுகளுக்கெல்லாம் நான் வெட்டலாம். குடிமகன் உள்ள தலைன்னா, அவுக வாக்கு இல்லாமத் தொடக் கூடாது. வெத்திலை மேல கை வச்சுச் சொல்லியிருக்கேன். மீறினா அன்னைக்கே கடையை ஏறக்கட்டிற வேண்டியதுதான்."

எலியேசர் யோசித்தான். கிராப்பு வைத்துவிட்டால் இருளப்பசாமி தன்னை விட்டுவிடுவார். விட்டுவிட்டால் தனக்குக் குடிமகன் இல்லை. இன்னும் செத்த நேரத்தில் இல்லாமல் போகிறவரை இப்போதே இல்லை என்றால் என்ன?

"இல்லை," என்றான்.

கத்தரிக்கோல் பேசத் தொடங்கியது. கிளி கொத்துவது போல வலது காதோரம் சத்தம். மடியில் கற்றை கற்றையாக மயிர். பிறகு மிஷின் பிடரியில் ஏறியது. கூச்சத்தில் அவன் தோளை உயர்த்தினான். "கூச்சப்படாதிய. பொண்டாட்டி கைன்னு நெனைச்சுக்கிடுங்க," என்றார் நைனா முகமது. வலது பக்கம் முடிந்தபோது கண்ணாடியில் ஒரு காது தெரிந்தது. தனக்கு இவ்வளவு நல்ல காது உண்டு என்று எலியேசர் அறிந்ததில்லை. அந்தப் பாதி ஆளை அவனுக்குப் பிடித்திருந்தது. இந்த ஆளைத் தங்கபாய்க்கும் பிடிக்கும் என்று தோன்றியது.

மற்றப் பாதி ஆள் அவனை உற்றுப் பார்த்தான். 'நீ பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவனாயிற்றே?' என்று கேட்டான். எலியேசருக்கு வியர்த்தது.

"உண்டு," என்றான்.

"என்ன உண்டு?"

"குடிமகன். இராஜபாளையத்துல இருளப்பசாமின்னு. எங்க அப்பா காலத்துல இருந்து அவிய குடும்பந்தான்."

மிஷின் நின்றது. எண்ணெய்க் கடையில் யாரோ புண்ணாக்கு விலை கேட்டது தெளிவாகக் கேட்டது.

"யா அல்லா!" நைனா முகமது அவன் முன்னால் வந்து நின்றார். "இதைத் தொடங்குமுன்ன சொல்லியிருக்கலாம். இல்லாட்டி முடிச்ச பொறவாச்சும் சொல்லியிருக்கலாம். நட்ட நடுவுல சொன்ன மனுசனை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"மனசு கேக்கலை."

"உங்க மனசு இன்னும் செத்த நேரம் தூங்கியிருக்கக் கூடாதா? நல்லா வந்த கிராப்பு!"

"மிச்சத்தையும் வெட்டிருங்களேன்."

"தெரியாமச் செஞ்சது தப்பு இல்லை. இனிமே ஒரு மயிரைத் தொட்டாலும் தெரிஞ்சு செஞ்சது. அவுககிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க, கண்ணை மூடித் திறக்குமுன்ன முடிச்சுத் தாரேன்." அவரே தலைப்பாகையைக் கட்டிவிட்டார். வலது பக்கம் தளர்ந்தது; இடது பக்கம் புடைத்தது. கொழும்பில் கற்றுக்கொண்ட வித்தை எதுவும் அதற்கு உதவவில்லை.

அன்றிரவு தலைப்பாகையோடே சாப்பிட்டு, தலைப்பாகையோடே படுத்தான். காதில் குளிர் ஏறுகிறது என்று தாயாரிடம் சொன்னான். வைகாசி மாதத்தில் அதை அவள் நம்பியிருக்கமாட்டாள். விடிந்தால் சனிக்கிழமை. இருளப்பசாமி வந்தார்.

"அவுருங்க, வாத்தியாரய்யா."

அவிழ்த்தான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஏசம்மாள் கையிலிருந்து சொளகு கீழே விழுந்தது. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவரைப் போல இருளப்பசாமி அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலது பக்கம் குனிந்து, பிடரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு கை?"

"நைனா முகமதுன்னு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

"கொழும்புக் கத்திரியா?" இன்னொரு முறை தடவினார். "வெட்டு சுத்தமாத்தான் இருக்கு." அதைச் சொன்னதற்குத் தன் மேலேயே கோபம் வந்தது போலக் கத்தியை அடைப்பப் பைக்குள் போட்டு மூடினார். "ஏன் அய்யா, எங் கைக்கு என்ன குறை? ஒருநாளாச்சும் ரத்தம் பார்த்தியளா? ஊருக்குப் போற மாதிரி போயி, அடுத்தவன் நாக்காலியில உக்காந்துட்டு வந்திருக்கிய!"

"தப்புத்தான். மிச்சத்தை நீரே..."

"பாதி தின்ன எலையில என்னைய உக்காரச் சொல்லுதிய."

"அப்போ அவியளுக்கு ஒரு வார்த்தை குடுத்திரும். அவிய முடிச்சிருவாவ."

"குடுப்பேன். இன்னைக்கு உங்க தலைக்குக் குடுப்பேன். நாளைக்குத் தெருவே வண்டி கட்டிக்கிட்டுப் போகும். நான் கத்தியைத் தீட்டி எம் மூஞ்சியையே செரைச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா? அந்தப் பாதியை அவன் தொடக் கூடாது. இந்தப் பாதியை நான் தொடமாட்டேன்."

"ஐயோ, நாளைக்கு உபதேசியார் இங்க பிரசங்கத்துக்கு வாராவளே!" என்று ஏசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கோயிலுக்குள்ள தலைப்பாகையை எடுக்கணுமே! இந்தக் கோலத்தைப் பார்த்தா பொண்ணு குடுப்பாவளாலே?"

எலியேசர் முற்றத்தில் உட்கார்ந்து விரல் மடக்கினான். கிராப்பை முடிக்க ஆள் இல்லை. குடுமி திரும்பி வராது. இப்படியே இருந்தால் கல்யாணம் இல்லை. மூன்று விரலும் இந்தப் பக்கமே மடங்கின; மறுபக்கத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்தவர் விட்ட வேலையை முடிப்பதாக இருக்கக் கூடாது. இருளப்பசாமியின் சொந்த வேலையாக இருக்க வேண்டும். அப்படி என்ன இருக்கிறது?

"இருளப்பசாமி, மொட்டை போடுறது யாரு வேலை?"

"இது என்ன கேள்வி? எங்க பாட்டன் காலத்துல இருந்து எங்க வேலை."

"மொட்டை போட்டா மிச்சம்னு ஏதாச்சும் இருக்குமா?"

"எங் கத்திக்குக் கீழ எதுய்யா மிச்சம் இருக்கும்?"

"அப்போ போடும். ஆவணிக்குள்ள ஒரே மட்டமா முளைச்சு வந்திரும். முளைச்சது கிராப்பு மாதிரிதான் இருக்கும். யாரும் வெட்ட வேண்டாம்."

இருளப்பசாமி இதை மெல்ல மென்று பார்த்தார். கொழும்புக்காரன் வெட்டிய பாதி முழுக்கத் தன் கத்தியில் போய்விடும் என்பது விளங்கியதும் முகம் மலர்ந்தது. அடைப்பம் தானாகத் திறந்தது.

"ஏலே, மொட்டையா?" ஏசம்மாள் ஓடி வந்தாள். "உங்கப்பா போயி எம்புட்டு வருசமாச்சு! இப்ப யாருக்குலே மொட்டை? நான் இன்னும் சாகலைலே!"

"நீங்க செத்த தள்ளி நில்லுங்க ஆச்சி, வெளிச்சம் மறையுது," என்றார் இருளப்பசாமி.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எலியேசரின் தலை முன்வரிசையில் பித்தளைச் செம்பாகப் பளபளத்தது. பாதிப் பேர் அவன் வீட்டில் சாவு என்று நினைத்து ஏசம்மாளைத் தேடினார்கள். அவள் உயிரோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறான் என்று மற்றப் பாதியோடு சேர்ந்துகொண்டார்கள். பிரசங்க பீடத்தில் ஏறிய வேதமாணிக்கம் உபதேசியார் அந்தத் தலையைப் பார்த்தார். கானாவூர்க் கல்யாணத்தில் தொடங்கிய பிரசங்கம் பாதியில் திசை மாறி, இஸ்ரவேலர் வழிதவறிப்போய்க் கும்பிட்ட பொன் கன்றுக்குட்டியிடம் போய் நின்றது.

ஆராதனை முடிந்ததும் அவனை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"இருக்கன்குடிக்கா போனிய?"

"இல்லை மாமா. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போனேன்."

"அங்க எந்தக் கோயிலுக்கு? மடவார் வளாகத்துக்கா?"

"அது வழியாத்தான் போனேன். ஆனா..."

எலியேசர் எதையும் முதலிலிருந்துதான் சொல்வான். பேட்டையில் வண்டிக்காரன் அதட்டியதிலிருந்து ஆரம்பித்தான். உபதேசியார் கடைசி வரை கேட்கவில்லை. "வேத ஊழியக்காரன் வீட்டுப் பொண்ணுக்கு நேர்த்திக்கடன் மாப்பிள்ளை வேண்டாம். இந்தப் பேச்சு இத்தோட நிக்கட்டும்," என்று வண்டியில் ஏறிவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் அவன் மூன்று நாள் யோசித்திருப்பான். அன்று அடுத்த வண்டியில் ஏறினான். தலைப்பாகையை எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. வெயில் மண்டையில் நேராக இறங்கியது. அவன் போய்ச் சேர்ந்தபோது உபதேசியார் வீட்டுக் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தது தங்கபாய்.

அவள் அவன் தலையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு வேணும்?"

"நாந்தான். எலியேசர்."

"எனக்குச் சொன்ன மாப்பிள்ளைக்குக் குடுமி உண்டே?"

"அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். முதல்ல இருந்து சொல்லணும்."

"சொல்லுங்க. எனக்கு அவசரமில்லை. நீங்கதான் தலை வெந்து நிக்கிய."

வாசற்படியில் நின்றபடியே சொன்னான். இருளப்பசாமியின் கத்தி தொண்டையில் நின்றதைச் சொன்னான். நைனா முகமது கேட்ட கேள்வியையும், தான் இல்லை என்றதையும், வலது காது தெரிந்ததையும் சொன்னான். "அப்போ மனசு கேக்காம, உண்டுன்னுட்டேன்," என்றபோது தங்கபாய் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயை மறைக்க இன்றைக்குப் பாட்டுப் புத்தகம் எதுவும் இல்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு உபதேசியார் ஈரக்காலோடு வந்தார்.

"உன்னைய யாரு உள்ள விட்டா?" கோபத்தில் மரியாதை போய்விட்டது.

"உள்ள வரலை மாமா. படியிலதான் நிக்கேன்."

"அப்பா," என்றாள் தங்கபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாதி முடி வெட்டுற மட்டுக்கும் ஒரு பொய்யைத் தாங்க முடியாத ஆளு, நீங்க சொன்ன மாதிரி மாரியாத்தாளுக்கு மொட்டை போட்டுட்டு இல்லைன்னு சாதிப்பாவளா? வேணும்னா நைனா முகமது கடையில போயிக் கேளுங்க. பாதி முடி இன்னும் அங்க கெடக்கும்."

உபதேசியார் போய்க் கேட்டார். திரும்பி வரும்போது அவர் மீசைக்கடியில் ஏதோ அடங்காமல் நெளிந்தது. "உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றார். "நட்ட நடுவுலயா சொன்னிய?"

தங்கபாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆவணிக்குள்ள வளந்திருமா?"

"வளந்திரும். கணக்குப் பார்த்துட்டேன்."

"பொறவு?"

"பொறவுன்னா?"

"ஆவணிக்குப் பொறவும் வளருமே. உங்க குடிமகன் கத்திரியத் தொடமாட்டாவ. நைனா முகமது உங்களைத் தொடமாட்டாவ. வருசம் பூரா மொட்டையும் முளையுமா நிக்கப் போறியளா?"

அவன் அதை எண்ணியிருக்கவில்லை. விரல்களைப் பார்த்தான்.

"ஊர் விட்டு ஊர் வந்து குடியிருக்கிறவங்களுக்கு அவிய வெட்டலாமுன்னுதானே சொன்னிய?" தங்கபாய் சுவரைப் பார்த்துப் பேசினாள். "இங்க ஆம்பிளைப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் கெடைக்கலைன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருக்காவ."

"ஏட்டி! பொண்ணு போற வழியில மாப்பிள்ளை வாரதா? ஊரு சிரிக்குமே," என்றார் உபதேசியார்.

"வாரேன்," என்றான் எலியேசர். ஒரு விரலும் மடங்கவில்லை.

பிறகு வெகுநாள் அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கிராப்பு வெட்டுகிற கடை அவள் ஊரில் மட்டும்தான் உண்டு என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும்தானே? தன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மனமில்லாமல்தான் கிராப்பு என்றாளோ? ஒரு பக்கம் பார்த்தால் அது சூழ்ச்சி. மறுபக்கம் பார்த்தால், ஏமாற்றியாவது பிடிக்கும் அளவுக்கு அவள் தன்னிடம் ஏதோ கண்டிருக்கிறாள். இந்த ஒரு விஷயத்தில் அவன் மறுபக்கத்தோடு நிறுத்திக்கொண்டான்.

இருளப்பசாமியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கத்தியை எடுத்து உள்ளங்கையில் தீட்டினார். பிறகு, "ஊரை விட்டுப் போற தலையைக் கட்டி வைக்க முடியுமா?" என்றார். "ஆனா மாப்பிள்ளைச் சவரம் எனக்குத்தான். அதுல எவனும் குறுக்க வரக் கூடாது."

ஆவணியில் கல்யாணத்தன்று அவர் விடியுமுன்பே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டார். உபதேசியார் வீட்டுப் பந்தல் ஓரத்தில் எலியேசரை உட்கார வைத்து முகத்துக்குத் தண்ணீர் தடவினார். தலையில் மயிர் ஒரே மட்டமாக, கறுகறுவென்று முளைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து நைனா முகமதும் ஒரு சீப்போடு வந்தார். அழைப்பு இருந்தது, ஆனால் அது சாப்பாட்டுக்கு.

"அடடா, நெத்தியில ஒரு கோடு மட்டும் எடுத்துவிட்டா..."

"கையை எடும்!" என்றார் இருளப்பசாமி. "இது என் கிராப்பு. நான் போட்ட மொட்டையில முளைச்சது."

"வெதைச்சது நீரு. யாரு இல்லேன்னா? அறுக்கப்போறது நானுல்லா."

"அது நாளைக்கு. இன்னைக்கு வரைக்கும் இந்தத் தலை இராஜபாளையம்."

"இருக்கட்டும்வே. ஒரு கோடுதானே? சீப்புதான், கத்திரி இல்லை."

இருளப்பசாமி சீப்பை வாங்கிப் பார்த்தார். கொம்புச் சீப்பு, பல் ஒன்றும் போகவில்லை. "இந்தக் கோட்டை எங்க இருந்து எடுக்கணும்? புருவத்துக்கு நேராவா, மூக்குக்கு நேராவா?" என்று கேட்டார், யாரிடம் கேட்கிறோம் என்பதைக் காட்டிக்கொள்ளாமல்.

"புருவத்துக்கு நேரா. இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம் சுழி இருக்குவே. எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் எடும்," என்று சீப்பைத் திருப்பிக் கொடுத்தார் இருளப்பசாமி.

இரண்டு பேரும் குனிந்தார்கள். எலியேசர் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தான். கோயில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தங்கபாயின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் பங்கு பிரிச்சு முடிச்சாச்சுன்னா அந்தத் தலையைக் கொஞ்சம் இங்க அனுப்புறியளா? எனக்கும் வேணும்."